மாந்தோல் மணக்கும் வாசல்

“இந்த நாத்தத்துக்கு ஒரு வழி பண்ணிக் குடு வேணி. நீ எது கேட்டாலும் செய்யறேன்.”

“எது கேட்டாலுமா?”

“எது கேட்டாலும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“என்னா கேட்டுடப் போறே? நகை கேப்பே, இல்லாட்டி ஊட்டி கூட்டிட்டுப் போன்னு கேப்பே.”

“இப்போ ஒண்ணும் தோணல. வேணுங்கறப்போ கேட்டுக்கறேன். ஞாபகம் வெச்சுக்குங்க.”

“மனசுல வெச்சுக்கறேன். போதுமா?”

கிருஷ்ணகிரிக்கு வெளியே, முனிராஜின் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் பின்புறம், ஆளுயரத்துக்கு மேல் நின்ற தோல் குவியலுக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருவரும் பேசிய பேச்சு இது. கல்யாணமான முதல் சீசன். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழ் டின்னுக்குள் போய்விடும். தோலும் கொட்டையும் பின்னால் மலையாகக் கிடந்து புளித்து, ஈ மொய்த்து, ஊர்க்காரர்களைச் சண்டைக்கு வரவழைக்கும். அந்த அழுகலுக்கு நடுவிலும் முனிராஜின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. எதையாவது உருப்படியாக்கிவிட வேண்டும் என்கிற வெளிச்சம். நாகவேணி அந்த மனிதரிடம் மயங்கியதே அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான்.

நாற்றத்துக்கு அவள் வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்த ஒன்றை மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவர்களுடைய மகன் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, அப்பாவும் ஆகிவிட்டான்.

இப்போது முனிராஜ் ஐ.சி.யூ. கதவுக்கு எதிரே சுவரில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே மருமகள் சுகிர்தா. சிசேரியன் தையலில் சீழ் பிடித்து, அது இரத்தத்தில் கலந்து, காய்ச்சலில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். மகன் தரணி, சுகிர்தாவின் வளையல்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவை குலுங்கும்போதெல்லாம் கையால் அமுக்கியபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

டாக்டர் ஷாகிதா வெளியே வந்தாள். ஒரு காலத்தில் நாகவேணியிடம் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவள்.

“மாந்துவர் ஊசி போட்டுப் பாத்தாச்சு மேடம். அளவையும் கூட்டிப் பாத்தாச்சு. கேக்கல.”

“கேக்காது” என்றாள் நாகவேணி. பதில் டாக்டருக்கு. பார்வை கணவர் மேல். “காலங்காத்தால காபி மாதிரி அதையே குடிச்சு வளந்த கிருமிக்கு ஊசி ஒரு கேடா?”



கீழே மருந்துக்கடைக் கண்ணாடியில் முனிராஜின் படம் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, பக்கத்தில் மாவிலைத் தோரணம். ‘வாசல்துவர். உங்க வாசல், எங்க காவல்.’ மேலே வரும்போது நாகவேணி அதைப் பார்த்தாள். கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. வரிசையில் நின்றவர்கள் முன்னால் அப்படிச் செய்ய முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

*

பழைய ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் மாந்துவர் பிறந்தது. பல் பிடுங்கப் போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள். முள் குத்தினால் குடும்பமே கலங்கியது. நாகவேணி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாந்தோலிலிருந்து துவர்ப்பான ஒரு பொருளைப் பிரித்து, அதைக் கிருமிகளின் மேல் விட்டுப் பார்த்தாள். எந்த மருந்துக்கும் அசையாத கிருமிகள் அதில் செத்தன. பல வருட சோதனைக்குப் பிறகு அது ஊசி மருந்தானது. பின்புறம் நாறிக்கொண்டிருந்த குப்பைமலை ஊருக்கே உயிர் கொடுத்தது. முனிராஜ் தெருவெங்கும் இனிப்பு கொடுத்தார். மனைவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்குக் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை என்பது நாகவேணிக்குத் தெரியும்.

வம்பு அதன் மிச்சத்தில் இருந்தது. மருந்தைப் பிரித்த பிறகு தோலைக் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அதில் மருந்து கொஞ்சமாக ஒட்டியிருக்கும், மாம்பழ வாசனையும் இருக்கும். முனிராஜுக்கு எதையும் வீணாகப் போக விட மனசு வராது. ஊரில் எத்தனையோ வீடுகளில் மாடு இல்லை. வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதில் பச்சைச் சாயப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அது விஷம். அதற்குப் பதிலாக நிஜச் சாணத்தைக் காயவைத்துப் பொடித்து, தோல் கழுவிய தண்ணீரை அதில் ஏற்றி, ‘வாசல்துவர்’ என்று பெயர் வைத்துப் பாக்கெட் போட்டார். ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு பாக்கெட். வாசலில் தெளித்தால் தெருவே மணக்கும்.

பஸ் நிறுத்தத்தில் இருந்த விளம்பரப் பலகையைப் பார்த்துத்தான் நாகவேணிக்கு விஷயம் தெரியும். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று சண்டை போட்டாள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை என்றார். கல்யாண நாளில் பரிசைக் காட்டுகிறவர் மாதிரி அவர் முகம் இருந்தது.

தொழிற்சாலையில் தோல் உரிக்கும் பிரிவில் கெம்பம்மா என்று ஒருத்தி இருந்தாள். முதலாளியை நேருக்கு நேராகத் ‘தோல் ராசா’ என்று கூப்பிடும் துணிச்சல் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. அவரும் சிரித்துக்கொள்வார். கத்தி பட்டு அவளுடைய விரல் கிழிந்தது. சின்னக் காயம். மாந்துவர் ஊசி போட்டார்கள். விரல் கறுத்தது, கை வீங்கியது. பிறகு அவளே இல்லை.

நாகவேணி காயத்திலிருந்து எடுத்த சீழைச் சோதித்தாள். மாந்துவரை ஊற்ற ஊற்ற அதில் கிருமிகள் கும்மாளம் போட்டன. கெம்பம்மாவின் வீட்டு வாசலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். அதே கிருமி. பக்கத்து வீட்டு வாசலிலும் அதேதான். தெருக்கோடி வரைக்கும் அதேதான்.

அன்று சாயங்காலம் அவள் கணவர் முன்னால் போய் நின்றாள்.

“சாணத்துல கோடிக்கணக்கான கிருமி இருக்குங்க. நீங்க பொடி பண்ணாலும் அதுல பாதி சாகாது. அது மேல மருந்தை ஊத்தறீங்க, கொல்லாத அளவுக்கு. தினமும். செத்தது போக மிச்சம் இருக்கறது அந்த மருந்தை எப்படிச் சமாளிக்கறதுன்னு கத்துக்குது. கத்துக்கிட்டதைப் பக்கத்துல இருக்கற கிருமிக்கும் சொல்லிக் குடுக்குது. ஊர்ல ஒவ்வொரு வாசலும் அதுங்களுக்குப் பள்ளிக்கூடம். அதுல நீங்கதான் ஹெட்மாஸ்டர்.”

“மாந்தோல் இயற்கைப் பொருள் வேணி. அது யாருக்கு என்னா கெடுதல் பண்ணும்?”

“கிருமி மட்டும் என்ன பிளாஸ்டிக்கா? அதுவும் இயற்கைதான்.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். நிறுத்திவிட்டால் இத்தனை நாள் விஷத்தையா விற்றான் என்று ஊர் கேட்கும் என்றார். அப்புறம் கூழையும் எவனும் வாங்க மாட்டான், தொழிற்சாலையை நம்பி இருக்கிற குடும்பங்கள் தெருவுக்கு வரும் என்றார். ஒரு கெம்பம்மாவுக்காக இப்படிப் பயந்தால் எப்படி என்று சொல்ல ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நிறுத்துங்கள் என்று அன்று கெஞ்சினாள். பிறகு பலமுறை கெஞ்சினாள். ஆனால் அந்தப் பழைய வாக்கை மட்டும் வெளியே எடுக்கவில்லை. எடுத்து, அவர் அதையும் தட்டிவிட்டால்? அதற்கு அப்புறம் அந்த வீட்டில் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு காரணமும் மிஞ்சாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால் அரசு அலுவலகங்களின் படி ஏறினாள். இயற்கைப் பொருளுக்கு அனுமதியும் தேவையில்லை, தடையும் கிடையாது என்று மரியாதையாகச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அலுவலகத்து வாசலும் மாம்பழ மணம் வீசியது.

அதோடு அவள் வீட்டில் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், சிரித்தாள், மகனுக்குப் பெண் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் முனிராஜுக்குப் பழம் வேண்டும். உரித்துத் தின்றுவிட்டுத் தோலைத் தட்டில் ஒதுக்கி வைப்பார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒன்றில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் வெறும் தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். பாக்கெட்டில் கைகூப்பி நிற்கிறவரின் வீட்டு வாசல் மட்டும் அந்தத் தெருவில் மணக்காமல் இருந்தது. கடைக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பது முனிராஜின் காதுக்கும் வந்தது.

*

சுகிர்தாவுக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நாகவேணி மாற்றிக்கொண்டாள். “நான்தான் உனக்கு அம்மா வீடு, நான்தான் மாமியார் வீடு. எங்க கோச்சுக்கிட்டுப் போனாலும் நீ இங்கயேதான் வரணும்” என்று சொன்னபோது அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அவள் மருமகளாகவே தெரியவில்லை.

குழந்தையோடு அவள் வீட்டுக்கு வந்த நாளில் நாகவேணி மருத்துவமனையில் கணக்கு முடித்துவிட்டுப் பின்னால் தனியாக வந்தாள். தெருமுனையிலேயே வாசனை அவளைப் பிடித்துக்கொண்டது.

வாசல், முற்றம், கூடம், சுகிர்தா படுக்கப்போகும் அறையின் நிலைப்படி வரைக்கும் ஈரமாக இருந்தது. அதன் மேலே பெரிய கோலம். ஆரத்தித் தட்டோடு சொந்தக்காரர்கள். நடுவில் முனிராஜ், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு, வேர்த்து விறுவிறுத்து.

“பேரப் புள்ள வர்ற நாளும் நம்ம வாசல் மொட்டையா கெடக்கணுமா வேணி? இன்னைக்கு ஒரு நாள்தான். ரெண்டு பாக்கெட் சேத்துக் கரைச்சேன். எந்தக் கிருமியும் கிட்ட வராது.”

சுகிர்தா வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நடந்து வந்தாள். நிலைப்படி தாண்டும்போது நனைந்த புடவை முன்கொசுவத்தை அள்ளி வயிற்றில் தையல் பக்கம் செருகிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் நாகவேணி வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மங்கலமான நேரத்தில் இது என்ன புத்தி என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் மருமகளைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்பு போட்டுக் கழுவினாள். வீட்டையே கொதிநீரால் கழுவினாள். தாமதமாகிவிட்டது.

*

“நான் தெளிச்சதாலயா?” என்று ஐ.சி.யூ. வாசலில் முனிராஜ் கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அவள் கைப்பையைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றிய ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். பெயர் எழுதாத குப்பி. ஒரு எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஷாகிதா அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“இதுதானா மேடம் அந்தப் புது மருந்து?”

“இதுதான். கையில இருக்கறதே இவ்வளவுதான். இதைச் சோதிக்கற குழுகிட்ட பேசிட்டேன். குடுக்கச் சொல்லிட்டாங்க.”

“மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்களா?”

“சில பேருக்குக் குடுத்திருக்காங்க. ஒருத்தர் தவறிட்டார். மறைக்க மாட்டேன்.”

படிக்கட்டில் இருந்த தரணி எழுந்து வந்தான். குப்பியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது எத்தனை நாளா உன்கிட்ட இருக்கும்மா?”

“இந்தக் கோடையிலதான் ஊசியாப் போடற பக்குவத்துக்கு வந்துச்சுப்பா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஏன்?”

“ஏன்னு அவரையே கேளு. நான் ஊசிக்காகக் குடுத்ததை வாளியில கரைச்சவர் அவர். கெம்பம்மாவை எரிச்ச எடத்துல கூட மாம்பழ வாசனை அடிச்சுதுடா. அவ புருஷன் அங்கயும் இதைத்தான் தெளிச்சு வெச்சிருந்தான், நம்ம முதலாளி பொருள்னு. நான் பாத்துட்டு வந்தேன். வீட்ல வந்து சோறு போட்டேன். இத்தனை வருஷமா என் வாயை நானே தைச்சுக்கிட்டு இதைப் பண்ணியிருக்கேன். இப்ப உன் பொண்டாட்டிக்குக் குடுக்கணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு.”

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் நின்றுவிட்டாள். முனிராஜ் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரைத் தூக்கவில்லை.

“குடும்மா” என்றான் தரணி.

*

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காய்ச்சல் ஏறி இறங்கி ஆட்டம் காட்டியது. அதற்கு அடுத்த நாள் காலையில் சுகிர்தா கண்ணைத் திறந்து, குழந்தைக்கு யார் பால் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு, மாமா ஏன் தாடி வைத்திருக்கிறார் என்று கேட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று முனிராஜ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்று மத்தியானம் மருத்துவமனைத் தோட்டத்துச் சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பழக்கூடை நடுவில் இருந்தது. பல நாள் கழித்து முனிராஜுக்கு அன்றைக்குத்தான் பசித்தது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தார். பாதியை மனைவியிடம் நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள். அவர்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் உட்கார இன்னொன்றுக்கும் இடம் கிடைத்திருந்தது.

“வாசல்துவரை நிறுத்திட்டேன் வேணி” என்றார். “காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். கடைங்கள்ல இருக்கறதைத் திருப்பி எடுக்கச் சொல்லியாச்சு. ஏன்னு கேட்டா நானே டி.வி.யில வந்து சொல்றேன். என் மருமகளைக் கேட்டுக்குங்கன்னு சொல்றேன்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்காக எத்தனை வருடம். வாசல்களில் அந்தத் தண்ணீர் விழாமல் இருந்தால், கிருமிகளுக்கும் அந்தப் பாடம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும். மாந்துவர் மறுபடி மருந்தாகலாம். அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தாள். முதல் சீசனில் குவியலுக்கு முன்னால் நின்ற அந்த இளைஞனின் கைதான் அது. இப்போது நரம்பு தெரிகிறது.

“நீ மட்டும் இல்லேன்னா…” என்று ஆரம்பித்து, கையிலிருந்த பழத்தோலை மடித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நான் நெனச்சுப் பாத்தேன் வேணி. இன்னொரு ஊட்டுப் பொண்ணு இப்படிக் கெடக்கக் கூடாது. ஏற்கெனவே எல்லா வாசல்லயும் அந்தக் கிருமி இருக்குதுல்ல? அதைக் கொல்லணும்ல? உன் புது மருந்துதான் கொல்லுதே. அதைத் தெளிச்சா சரியாப் போயிடும். எனக்கு லாபம் ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வீடு சும்மாவே குடுக்கறேன். சத்தியமா.”

நாகவேணி அவரைப் பார்த்தாள். நரைத்த தாடிக்கு மேலே அவருடைய கண்களில் அதே வெளிச்சம். பேராசைக்காரராக இருந்திருந்தால் எப்போதோ வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். திருடனிடமிருந்து ஒரு பொருளைப் பூட்டி வைக்கலாம். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கத் துடிக்கிற கையிடமிருந்து எப்படிப் பூட்டி வைப்பது? உள்ளே ஒருத்தி செத்துப் பிழைத்திருக்கிறாள். ஒன்றுமே புரியவில்லையே இந்த மனிதருக்கு. கையை எடுத்துக்கொண்டாள்.

“இதுவும் பழத்தோல்தான்னு டாக்டர் சொன்னாங்க. எந்தப் பழத்துத் தோலு வேணி?” என்று ஆசையாகக் கேட்டார். “குழுவுல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியுமாமே. எனக்குச் சொல்லக் கூடாதா?”

கேட்டுக்கொண்டே, கையிலிருந்த தோலை எங்கே போடுவது என்று பெஞ்சுக்கு அடியில் தேடினார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் ஒதுக்கி வைக்கிற அதே தோல். இத்தனை வருடம் அவள் பேசாமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனதும் அதைத்தான். நாகவேணி அதை அவரிடமிருந்து வாங்கி, எழுந்து போய்க் குப்பைக்கூடையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

“கல்யாணமான புதுசுல ஒண்ணு மனசுல வெச்சுக்கறேன்னு சொன்னீங்களே. இன்னும் இருக்கா?”

அவர் முகம் மலர்ந்தது.

“தோல் குவியலுக்கு முன்னால. எப்படி மறப்பேன்? நீ கேப்பே கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்கவே இல்லையே நீ.”

“எது கேட்டாலும்னு சொன்னீங்க.”

“இப்பவும் அதேதான் சொல்றேன். கேளு வேணி.”

“இது எந்தத் தோல்னு என்னை எப்பவும் கேக்காதீங்க.”